மறுகா

முதல் அழைப்பு செவ்வாய், எட்டு ஐந்துக்கு.
"இன்டர்நெட் செத்துப்போச்சு கா."
பேர் சொல்லவில்லை. திராய்மடு,
சிக்கன கடனுதவிச் சங்கம்,
இலக்கம் இருநூற்றுப் பதினாலு, என்றது குரல்.

குடியேற்றத் திட்டத்தில் எல்லா வீடும் ஒரே வீடு.
ஒரே ஓடு, ஒரே படி,
கொடுத்தவர்கள் பூசிவிட்டுப் போன ஒரே மஞ்சள்.
இருநூற்றுப் பதினாலு எங்கே என்றால்
மீன் அரிந்துகொண்டிருந்தவள் கத்தியை நிறுத்தி
"அது ஆர்ர வீடு?" என்று திருப்பிக் கேட்டாள்.
சங்கம் என்றேன்.
"ஓ, புவிராஜினிட கந்தோரா? அப்பிடிச் சொல்லுங்களன்."
கத்தி காட்டிய திசையில் ஸ்கூட்டியைத் திருப்பினேன்.

உள்ளே நிலைமை நேர் எதிர்.
எண்ணைச் சொன்னால் போகிறது.
எட்டு எட்டு எட்டு எட்டு என்று பிங் அடித்தால்
அறுபது மில்லிசெக்கனில் ஆள் திரும்பி வருகிறான்.
வங்கியின் பெயரைச் சொன்னால்
அப்படியொருவரைத் தெரியாது என்கிறது லினக்ஸ்.
தற்காலிகமாக, என்றும் சேர்த்துக்கொள்கிறது
ஒரு மரியாதைக்கு.

கேபிள் சரி. ரவுட்டரில் பச்சை.
பெயர்களை ஆரிடம் கேட்பது என்று
எழுதியிருக்க வேண்டிய ஃபைலைத் திறந்தேன்.
மேலே ஒரு பந்தி ஏதோ குறிப்பு, வாசிக்கவில்லை.
கீழே வெறுமை.
நேம்சேர்வர் இரண்டு, கையால் இரண்டு வரி.
வங்கி வந்தது. தேத்தண்ணி வந்தது.

புதன், எட்டு ஐந்து.
"மறுகாவும் கா."
இரண்டு வரியையும் காணவில்லை. எழுதினேன்.

வியாழன், எட்டு ஐந்து.
"மறுகா…"
மிச்சத்தை நான் கேட்கவில்லை.

இந்த முறை எழுதவில்லை.
கதிரையை இழுத்துப்போட்டு அந்தக் குறிப்பை வாசித்தேன்.
கையால் எழுதாதே என்றுதான் இருந்தது
இரண்டு நாளும்.
ஃபைல்களை நீளமாகப் பட்டியலிட்டுப் பார்த்தால்
அது ஃபைலே இல்லை, ஓர் அம்புக்குறி.
அம்பு போய் நிற்கும் இடமும் வெறும் நினைவகம்,
கரண்ட் போனால் கூடவே போகிற இடம்.
பின்னேரம் நாலரைக்குப் புவிராஜினி
மெயின் சுவிச்சை அமத்திவிட்டுத்தான் போகிறாள்,
பில் கூடுமென்று.
காலையில் வேறொருவன் எழும்பி
தன் கொப்பியைப் பார்த்து அங்கே எழுதுகிறான்.
கொப்பியில் ஒன்றுமில்லை.
ஆகவே ஒன்றுமில்லை என்று ஒழுங்காக எழுதுகிறான்.

"திங்கள் ஆரும் வந்தவங்களா?"
பிரிண்டர் பூட்ட ஒரு பொடியன் வந்தானாம்.
மெஷினுக்கு நிலையான ஓர் எண் கொடுத்திருக்கிறான்,
வாசல் எதுவென்றும் காட்டியிருக்கிறான்.
பெயர் விசாரிக்கும் இடத்தை மட்டும் சொல்லாமல்
சாப்பாட்டுக்குப் போய்விட்டான்.

கொப்பியைத் தேடிப் பிடித்தேன்.
ஒரு ஸ்பேஸ் பிசகினாலும் கோபிக்கிற ஃபைல்.
கோபித்தது.
எண்ணி எண்ணி ஒரு ஸ்பேஸை எடுத்தேன்.
மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது.

புவிராஜினி வவுச்சர் புத்தகத்தை விரித்தாள்.
"உங்கட பேரென்ன கா?"
மூன்று நாளாகப் பேசுகிறோம்.
அவளுடைய போனில் நான் பத்து இலக்கம்.
"யசோதினி."
யசோதனி என்று எழுதினாள், ஒரு விசிறி குறைய.
வேறு நாளென்றால் விட்டிருப்பேன்.
ஒரு ஸ்பேஸோடு இப்போதுதான் மல்லுக்கட்டியவள்,
திருத்தச் சொன்னேன்.
திருத்தினாள், பக்கத்தில் ஒப்பமும் வைத்தாள்.

"இப்ப அமத்திப் பாப்பமா?"
அவளே எழும்பிப் போய் மெயின் சுவிச்சை இழுத்தாள்.
விசிறி மூன்று சுற்றுச் சுற்றி நின்றது.
கறுத்த திரையில் எங்கள் இருவரின் முகமும்
கொஞ்சம் தூசியும்.
வெளியே சூடை விற்பவன் ஹோர்ன் அடித்தபடி போனான்.
திரும்ப ஏற்றினாள்.
வெள்ளை எழுத்துகள் கீழிருந்து மேலே ஓடின,
நின்றன, மறுபடி ஓடின.

"மறுகா?" என்றாள்.

கீபோர்டை அவள் பக்கம் தள்ளி
வங்கியின் பெயரை அடிக்கச் சொன்னேன்.